வெளிநாட்டில் குழந்தைகள் கல்விக்குத் தன்னார்வப் பணி: எந்த வழி யாருக்குச் சரிப்படும்?

வேறு நாட்டுக்குப் போய்க் குழந்தைகளின் படிப்புக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியவர்கள், பெரும்பாலும் முதலில் யோசிப்பது எந்த நாடு என்றுதான். கென்யாவா, நேபாளமா, கம்போடியாவா, பெருவா என்று தேட ஆரம்பித்தால் சிரித்த முகங்களோடு அறிவிப்புகள் வரிசையாக வந்து விழும். நாடு கடைசியில் முடிவு செய்ய வேண்டிய விஷயம். அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உங்களால் தொடர்ந்து எத்தனை மாதம் ஒதுக்க முடியும்? அங்கே ஏற்கெனவே இருக்கும் ஆசிரியரால் செய்ய முடியாத எதை உங்களால் செய்ய முடியும்? இந்த இரண்டுக்கும் மழுப்பாமல் பதில் சொல்லிப் பார்த்தால் பாதி வழிகள் தாமாகக் கழிந்துவிடும்.

ஒரு ஏஜென்சிக்குப் பணம் கட்டி இரண்டு முதல் நான்கு வாரம் போய்வரலாம். அரசுத் திட்டம் அல்லது ஐ.நா. வழியாக ஓரிரு வருடம் போகலாம். ஒரு சிறிய தொண்டு அமைப்போடு நேரடியாகப் பேசிச் சில மாதங்கள் தங்கலாம். வீட்டில் இருந்தபடியே இணையம் வழியாக வேலை செய்யலாம். பணம் மட்டும் அனுப்பலாம். கடைசி இரண்டும் வெளிநாட்டுக்குப் போவதில் சேராதே என்று கேட்பீர்கள். ஆனாலும் அவற்றை விட்டுவிட்டு மற்றதை ஒப்பிட்டால் கணக்கு தப்பாகிவிடும்.

பணம் கட்டிப் போகும் சில வாரங்கள்

இருப்பதிலேயே சுலபமானது இதுதான். ஆசிரியர் பயிற்சி இருக்கிறதா என்று கேட்க மாட்டார்கள். விமான நிலையத்துக்கு ஆள் வரும், தங்குமிடமும் சாப்பாடும் தயாராக இருக்கும், வார இறுதியில் ஊர் சுற்றிக் காட்டுவார்கள், ஏதாவது ஆனால் அழைக்க ஒரு எண் இருக்கும். பதினெட்டு, பத்தொன்பது வயதில் முதன்முறை தனியாகக் கிளம்புகிறவருக்கும் அவரைப் பெற்றவர்களுக்கும் இது சின்ன விஷயம் இல்லை. போய்வருகிறவருக்குப் பலன் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்தப் பள்ளிக்கு என்ன பலன் என்பதில்தான் சிக்கல்.

இந்த வழியில் அடிக்கடி நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். நான்காம் வகுப்பு. புதிதாக வந்தவர் வண்ண அட்டைகளை எடுத்துக்கொண்டு நிற்கிறார். சிவப்பு அட்டையை முழுதாக உயர்த்துவதற்குள் வகுப்பே ‘ரெட்’ என்று கத்துகிறது. எவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள் என்று அவருக்கு ஒரே சந்தோஷம். போன மாதம் வந்தவரும் வண்ணங்களில்தான் தொடங்கினார், அதற்கு முந்தியவரும் அப்படித்தான் என்பது அவருக்குத் தெரியாது. பிள்ளைகளின் நோட்டைப் புரட்டினால் தெரியும்: வண்ணங்கள், எண்கள், உடல் உறுப்புகள், மறுபடி வண்ணங்கள், எண்கள், உடல் உறுப்புகள். திருத்திய கையெழுத்து மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். நான்காவது பாடம் வரை யாரும் தங்கியதில்லை. வகுப்பாசிரியர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார், இல்லாவிட்டால் வேறு வேலை பார்க்கப் போயிருப்பார். வெளிநாட்டிலிருந்து வந்தவர் இருக்கும்போது தன் பாடத்தைத் தொடர வேண்டும் என்று அவர் எப்படிச் சொல்ல முடியும்?

அந்த வகுப்பில் உண்மையான குறை வேறு இடத்தில் இருக்கும். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பத்து வயதுக் குழந்தைகளில் சுமார் 70 சதவீதம் பேரால் ஒரு எளிய பத்தியை வாசித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று உலக வங்கியும் யுனெஸ்கோ உள்ளிட்ட அமைப்புகளும் 2022இல் மதிப்பிட்டன. உலக மக்களில் 40 சதவீதம் பேருக்குத் தாங்கள் பேசும் அல்லது புரிந்துகொள்ளும் மொழியில் கல்வி கிடைப்பதில்லை என்று 2016இல் யுனெஸ்கோ சொன்னது. வாசிப்பைத் தூக்கி நிறுத்த அந்தக் குழந்தையின் மொழி தெரிந்த ஒருவர் மாதக்கணக்கில் உடன் உட்கார வேண்டும். மூன்று வார ஆங்கிலம் அதன் பக்கத்திலேயே போவதில்லை.

நாள்காட்டியையும் பார்க்க வேண்டும். பல்கலைக்கழக மாணவர்கள் கிளம்புவது பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில். கென்யாவில் பள்ளி ஆண்டு வழக்கமாக ஜனவரியில் தொடங்கும், ஆகஸ்டில் விடுமுறை வரும். பள்ளியே மூடியிருக்கும் மாதத்தில் ‘கற்பிக்கும் திட்டம்’ நடக்கிறது என்றால் அந்தக் குழந்தைகளை யார், எதற்காகக் கூட்டி வைத்திருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்ற வேண்டும். விடுமுறைக்கால வாசிப்பு முகாமாகவே திட்டமிட்டு நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்கள் அதை அப்படியே சொல்லுவார்கள்.

கட்டும் பணத்தில் பள்ளிக்கு எவ்வளவு போகிறது என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம். விளம்பரம், அலுவலகம், தங்குமிடம், போக்குவரத்து எல்லாம் போக மிச்சம் எவ்வளவு என்று எழுத்தில் தருகிற ஏஜென்சிகள் உண்டு. ‘எல்லாம் சமூகத்துக்கே’ என்று மட்டும் பதில் வந்தால் அடுத்ததைப் பார்க்கலாம்.

அப்புறம், அனாதை இல்லங்கள். இதில் நான் இரண்டு பக்கமும் பேசப் போவதில்லை. குறுகிய காலத்துக்கு அங்கே போய்ப் பாடம் சொல்லித் தருவதை ஒப்பீட்டுப் பட்டியலிலிருந்தே அடித்துவிடலாம். கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையே இந்த இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. அனாதைகள் பெருகிவிட்டார்களா என்றால் இல்லை. அங்கே இருந்த குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். அந்த வருடங்களில் பெருகியது சுற்றுலாப் பயணிகளும், அவர்கள் கொண்டுவந்த பணமும், உதவ வேண்டும் என்ற ஆசையும். நல்ல படிப்பு கிடைக்கும் என்று சொல்லிக் கிராமத்துக் குடும்பங்களிடமிருந்து பிள்ளைகளை வாங்கி வந்தார்கள். நேபாளத்திலும் இதே கதைதான். அங்கே இல்லங்களில் பெரும்பாலானவை பயணிகள் வந்துபோகும் சில மாவட்டங்களில் குவிந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 2017இல் நவீன அடிமைமுறை பற்றி ஆராய்ந்த நாடாளுமன்றக் குழு, காசுக்காகக் குழந்தைகளை இல்லங்களில் சேர்ப்பதையும் அந்தக் கணக்கில் வைத்துப் பேசியது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானம் ஒன்றும் இல்லங்களில் நடக்கும் தன்னார்வச் சுற்றுலாவால் வரும் தீங்குகளைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது. மூன்று வாரத்துக்கு ஒரு புதிய அக்கா, புதிய அண்ணன் என்று வந்து கொஞ்சிவிட்டுப் போவது அந்தச் சின்னப் பிள்ளைகளுக்கு என்ன செய்யும் என்பது தனி வேதனை. இல்லத்தின் பெயரை ‘கல்வி மையம்’ என்று மாற்றியிருந்தாலும், குழந்தைகள் இரவு எங்கே தூங்குகிறார்கள் என்று கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும்.

அப்படியானால் சில வாரம் மட்டும் இருப்பவர் போகவே கூடாதா? போகலாம், குழந்தைகளுக்கு முன்னால் நிற்பதற்குப் பதிலாகப் பெரியவர்களோடு வேலை செய்வதாக இருந்தால். வாசிப்புப் பயிற்சியில் கைதேர்ந்த ஆசிரியர் விடுமுறையில் இருபது ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரலாம். கணக்காளர் அந்த அமைப்பின் வரவு செலவைச் சீர்ப்படுத்தித் தரலாம். நூலகர் புத்தகங்களை வகைப்படுத்தி, அங்கே இருப்பவருக்கு அந்த முறையைக் கற்றுத் தரலாம். இதற்கெல்லாம் மூன்று வாரம் போதும். அவர்களே கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு வருடம், இரண்டு வருடம்

வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் பிரிட்டனின் வி.எஸ்.ஓ. அமைப்பு 1958இல் தொடங்கியபோது பள்ளிப் படிப்பை முடித்த பதினெட்டு வயதுப் பிள்ளைகளைத்தான் அனுப்பியது. காலப்போக்கில் அந்த முறையைக் கைவிட்டு, தொழில் அனுபவம் உள்ளவர்களைக் கேட்கத் தொடங்கியது. இப்போது அந்தந்த நாட்டுத் தன்னார்வலர்களுக்கே அதிக இடம் தருகிறது. இந்தத் துறையில் மிகப் பழைய அமைப்புகளில் ஒன்று எந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது என்பதைக் கவனித்தாலே நிறையப் புரியும்.

அமெரிக்க அரசின் தன்னார்வத் திட்டமான பீஸ் கோர் 1961இல் வந்தது. அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும், வயது 18க்கு மேல், காலம் 27 மாதம். முதல் மூன்று மாதம் போகிற நாட்டிலேயே மொழியும் வேலையும் பழகுவதற்கு. பெரும்பாலும் ஒரு உள்ளூர்க் குடும்பத்தோடு தங்க வேண்டும். பிறகு இரண்டு வருடம், உள்ளூர் ஆசிரியர் ஒருவரோடு சேர்ந்து வகுப்பு எடுப்பது போன்ற வேலை. இந்தத் திட்டத்தில் மிகப் பெரிய துறையே கல்விதான். கட்டணம் கிடையாது, உள்ளூர் மக்களின் வாழ்க்கைத் தரத்துக்கு ஒட்டிய படி தருவார்கள், முடித்துத் திரும்பும்போது ஒரு தொகையும் கிடைக்கும். ஜப்பான் அரசின் உதவி அமைப்பான ஜைக்கா இப்போது நடத்தும், 1965இல் தொடங்கிய தன்னார்வத் திட்டமும் இதேபோல் பொதுவாக இரண்டு வருடத்துக்கு அனுப்புகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘ஒற்றுமைப் படை’ என்ற தன்னார்வத் திட்டம் 18 முதல் 30 வயதுக்காரர்களுக்கு, அதிகபட்சம் 12 மாதம். பயணம், தங்குமிடம், கைச்செலவு அவர்கள் பொறுப்பு.

இவையெல்லாம் குடியுரிமையையோ வசிக்கும் இடத்தையோ பார்ப்பவை. எந்த நாட்டவரும் முயலக்கூடியது ஐ.நா. தன்னார்வலர் திட்டம். 1970இல் பொதுச்சபை உருவாக்கியது, தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில். இதில் ‘தன்னார்வலர்’ என்ற பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. நிபுணர் பிரிவுக்கு 27 வயதும் பணி அனுபவமும் வேண்டும். மாதப் படி உண்டு, மருத்துவக் காப்பீடு உண்டு, போட்டியும் அதற்கேற்ப உண்டு. வகுப்பில் பாடம் எடுக்கும் வேலையை எதிர்பார்த்துப் போகிறவர்கள் இங்கே ஏமாந்து போவார்கள். யுனிசெஃப் போன்ற அமைப்பின் அலுவலகத்தில் திட்டமிடல், தரவு, பயிற்சி என்றுதான் பெரும்பாலும் இருக்கும்.

ஏன் இவ்வளவு நீண்ட காலம் என்று கேட்கலாம். முதல் சில மாதங்களில் நீங்கள் கிட்டத்தட்ட பாரம்தான். மொழி வராது. மணியடித்த பிறகும் ஏன் வகுப்பு தொடங்கவில்லை, ஏன் வியாழக்கிழமை பாதிப் பிள்ளைகள் வரவில்லை என்று புரியாது. சந்தை நாள் என்று யாராவது சொல்லித்தான் தெரியும். ஒரு பருவம் முடிந்து அடுத்த பருவம் தொடங்கும்போதுதான், எந்தப் பிள்ளைக்கு எழுத்து தெரியாது, எந்தப் பிள்ளைக்குப் பார்வை மங்கலாக இருப்பதால் பலகை தெரியவில்லை என்று பிரித்துப் பார்க்க வரும். கண்ணாடி வாங்கித் தந்தால் தீர்ந்துவிடும் ஒரு விஷயத்தை ‘மந்தமான பையன்’ என்று எழுதி வைக்காமல் இருக்க அவ்வளவு நாள் வேண்டியிருக்கிறது.

குறைகளும் பெரியவை. சம்பளம் நிற்கும், வேலையில் தொடர்ச்சி அறுந்துபோகும். வீட்டுக்கடன் கட்டுகிறவர், வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறவர் இதை யோசிக்கவே முடியாது. தனிமை சிலரை உடைத்துவிடும். போதாக்குறைக்கு, வெளியிலிருந்து வருகிறவர் எப்போது வேண்டுமானாலும் திரும்ப அழைக்கப்படலாம். 2020 மார்ச்சில் தொற்று பரவியபோது பீஸ் கோர் உலகம் முழுவதிலுமிருந்து சுமார் 7,000 பேரை ஒரே வீச்சில் திருப்பி அழைத்துக்கொண்டது. உள்ளூர் ஆசிரியரோடு சேர்ந்து எடுத்த வகுப்புகளுக்கு ஓர் ஆசிரியராவது மிஞ்சினார். தன்னார்வலர் தனியாக எடுத்த வகுப்புக்கு யாரும் இல்லை.

நடுவில் ஒரு வழி

மூன்று முதல் ஆறு மாதம் ஒதுக்க முடிகிறவர்கள் சின்ன அமைப்புகளோடு நேரடியாகப் பேசுவது உண்டு. ஏஜென்சிக் கட்டணம் மிச்சம், வேலையைப் பேசி வடிவமைத்துக்கொள்ளலாம். ஆனால் ஏஜென்சி செய்கிற எல்லாச் சோதனைகளும் உங்கள் தலையில் விழும்.

விசாவில் பலர் சறுக்குகிறார்கள். சம்பளம் வாங்காத வேலைதானே, சுற்றுலா விசா போதும் என்று நினைப்பது தப்பு. நேபாளத்தில் சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத வேலையும் செய்யக் கூடாது. தாய்லாந்தில் தன்னார்வப் பணிக்கும் உரிய விசாவும் பணி அனுமதியும் வேண்டும். ‘அதெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள்’ என்று ஓர் அமைப்பு சொன்னால், வேறு எந்தெந்த விதிகளை அவர்கள் இப்படித் தாண்டுகிறார்கள் என்று யோசியுங்கள்.

மின்னஞ்சலில் நான் கேட்கச் சொல்லும் கேள்விகள் சில: போன பருவத்தில் அந்த வகுப்பை யார் எடுத்தார்கள், நான் கிளம்பிய மறுநாள் யார் எடுப்பார்கள்? நான் வருவதால் சம்பளம் வாங்கும் ஒருவரின் வேலை போகுமா? இதே வேலையை உள்ளூரில் ஒருவரை வைத்துச் செய்ய எவ்வளவு ஆகும்? குழந்தைகளைப் படம் எடுக்க என்ன விதி வைத்திருக்கிறீர்கள்? பதில் எவ்வளவு குறிப்பாக இருக்கிறது என்று பாருங்கள். ‘மூன்றாம் வகுப்பு ஆசிரியை மகப்பேறு விடுப்பில் இருக்கிறார், நவம்பரில் திரும்புவார், அதுவரை உதவி ஆசிரியரோடு நீங்கள் சேர்ந்து எடுக்கலாம்’ என்று வந்தால் அது நிஜமான பள்ளி. ‘நீங்கள் வாருங்கள், குழந்தைகள் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்’ என்று மட்டும் வந்தால் விட்டுவிடலாம்.

அவர்கள் உங்களைச் சோதிக்கிறார்களா என்பதும் முக்கியம். காவல்துறை நன்னடத்தைச் சான்று, இரண்டு பேரின் பரிந்துரை, ஒரு நேர்காணல், குழந்தைப் பாதுகாப்பு விதிகளில் கையெழுத்து எல்லாம் கேட்டால் எரிச்சலாகத்தான் இருக்கும். எதுவுமே கேட்காமல் உங்களை உள்ளே விடுகிறவர்கள் யாரையும் உள்ளே விடுவார்கள்.

போகாமல் செய்வது

பணம் அனுப்புவது சப்பென்று தோன்றும், படம் எடுத்துப் போட எதுவும் இருக்காது. ஆனால் பலன் என்று பார்த்தால் இதை அடிக்க மற்ற வழிகள் திணறும். 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு நடத்திய திட்டம் ஒன்று இருக்கிறது. பள்ளிப் படிப்பை முடித்த உள்ளூர் இளம்பெண்களுக்கு ஏறக்குறைய இரண்டு வாரப் பயிற்சி கொடுத்து, மூன்றாம் நான்காம் வகுப்பில் பின்தங்கியவர்களைத் தினமும் இரண்டு மணி நேரம் தனியாக உட்காரவைத்துப் பாடம் சொல்லவைத்தார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டவர்கள் அதை ஆராய்ந்தபோது கற்றல் தெளிவாக உயர்ந்திருந்தது. அந்த இருவரும் மைக்கேல் கிரெமரோடு சேர்ந்து 2019இல் பொருளாதார நோபல் பெற்றார்கள். அந்தப் பெண்களுக்கு மாதச் சம்பளம் 10 முதல் 15 டாலர் வரைதான். ஒரு கண்டம் தாண்டும் விமான டிக்கெட் விலையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2000இல் தொடங்கிய ரூம் டு ரீட் அமைப்பும் களத்தில் பெரும்பாலும் உள்ளூர் ஊழியர்களையே வைத்து, குழந்தைகளின் மொழியிலேயே புத்தகம் போடுகிறது. வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் தங்கள் ஊரிலிருந்தே அதற்கு நிதி திரட்டுகிறார்கள்.

இணைய வழி வேலையும் முன்னேறியிருக்கிறது. ஐ.நா.வின் இணையத் தன்னார்வலர் சேவை 2000 முதல் நடக்கிறது: வாரத்துக்கு அதிகபட்சம் 20 மணி நேரம், ஒரு வேலைக்கு 12 வாரம் வரை. மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, ஆய்வு என்று நிறைய. பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் குழந்தைக் கதைகளை யாரும் தம் மொழிக்குக் கொண்டுவரலாம், இலவசமாக யாரும் படிக்கலாம். வாரத்தில் இரண்டு மாலைகள் போதும்.

சரி, யாருக்கு எது? கற்பித்த அனுபவம் இருந்து, ஒரு வருடத்துக்கு மேல் கிளம்ப முடிகிறவருக்கு நீண்ட காலத் திட்டம்தான் என் பரிந்துரை. அனுபவம் இருக்கிறது, கையில் ஒரு மாதம்தான் என்றால் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரக் கேட்கும் அமைப்பைத் தேடலாம். அனுபவம் இல்லை, மாதமும் ஒன்றுதான் என்றால் பணம் அனுப்பிவிட்டு அந்த நாட்டுக்குச் சாதாரணப் பயணியாகப் போய்வருவது எனக்கு மேலாகத் தோன்றுகிறது; அங்கே செலவு செய்யும் காசு அங்கேதான் இருக்கும், யாருடைய வகுப்பும் கலையாது. இளவயதில், அனுபவம் சேர்க்க ஆறு மாதம் ஒதுக்குகிறவர்கள் நடு வழியை எடுக்கலாம், மேலே சொன்ன கேள்விகளோடு.

நீண்ட காலத் திட்டங்களில் விண்ணப்பம், நேர்காணல், மருத்துவச் சோதனை எல்லாம் முடியவே மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் போகிற இடத்தின் மொழியைப் பேசுமளவுக்குக் கற்றுக்கொள்ளத் தொடங்கலாம். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பள்ளியிலோ நூலகத்திலோ, வாசிக்கத் திணறும் இரண்டு பிள்ளைகளோடு வாரத்தில் ஒரு நாள் உட்காரவும் செய்யலாம். பல திட்டங்களின் விண்ணப்பத்தில் கேட்கும் ‘தொடர்ந்த கற்பித்தல் அனுபவம்’ என்ற கட்டத்தில் எழுதவும் அது உதவும்.